ஃபீனிக்ஸ் கரும்புக்காட்டுக் கொலைகள்: 1994 விடுதலைதான் காரணமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 ஜூன் 2024

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் கரும்புத் தோட்டங்களில் 16 பெண்களைக் கொன்ற சிஃபோ த்வாலா, 1994-லேயே ஒரு வன்புணர்வு வழக்கில் கைதாகி விடுதலை பெற்றவன். அன்றைக்கே அவனை உள்ளே தள்ளியிருந்தால் ஒரு பெண்கூடச் செத்திருக்க மாட்டாள். எனவே முதல் குற்றவாளி அந்த நீதிமன்றமே என்கிறேன். மறுப்பவர் உண்டா?

3 ஜூன், இரவு

பாதியை மறுக்கிறேன். அதற்கு முன் வழக்கை ஒழுங்காக நினைவில் வைத்துக்கொள்வோம். 1968-இல் பிறந்த த்வாலா, 1996-இலும் 1997-இலும், வேலை தேடி அலைந்த பெண்களிடம் ஓட்டலில் பணிப்பெண் வேலை இருக்கிறது என்று சொல்லி, ஃபீனிக்ஸை ஒட்டிய கரும்புத் தோட்டங்களின் வழியே கூட்டிக்கொண்டு நடந்தான். உள்ளே போனதும் அவர்களுடைய உள்ளாடைகளைக் கொண்டே கட்டிப்போட்டு, வன்புணர்ந்து, கழுத்தை நெரித்தோ அடித்தோ கொன்றான். 1997-இல் பிடிபட்டான். 1999 மார்ச் 31-ஆம் தேதி 16 கொலைகளுக்கும் 10 வன்புணர்வுகளுக்கும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மொத்தம் 506 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். பிரிட்டோரியாவில் உள்ள சி-மேக்ஸ் என்ற உயர் பாதுகாப்புச் சிறைக்கு அனுப்பப்பட்டான்.

எப்படிப் பிடிபட்டான் என்பதை நீங்கள் சொல்லவில்லை. இறந்த பெண்களின் உடலில் கிடைத்த டி.என்.ஏ., 1994 வழக்கில் அவனிடமிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரியோடு ஒத்துப்போனது. நீங்கள் குறை சொல்லும் அதே வழக்குதான் அவனைக் காட்டிக்கொடுத்தது. விடுதலையைத் திட்டுகிறவர்கள் அந்தக் கோப்புக்கு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

உடல்களில் சில தெற்குக் கடற்கரையில் உம்சிண்டோ பக்கமும் கிடைத்ததாக நினைவு. நாளை சரிபார்த்து எழுதுகிறேன்.

4 ஜூன், காலை

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடுங்கள். இரண்டு கொலைகாரர்களை ஒருவனாக்கிவிட்டேன். உம்சிண்டோ கரும்புக்காட்டில் உடல்கள் கிடைத்தது 2007-இல். செய்தவன் தொசாமிலே டாக்கி. அவனும் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் பெண்களை அழைத்துப் போனான். உம்சிண்டோவில் பத்துப் பேர், கிழக்குக் கேப் மாநிலத்தின் போர்ட் செயின்ட் ஜான்ஸ் அருகே தேயிலைத் தோட்டத்தில் மூன்று பேர். அவனுக்கு 13 ஆயுள் தண்டனைகள். பத்து ஆண்டு இடைவெளியில் ஒரே மாநிலம், அதே பயிர், அதே பொய். என் தலையில் இரண்டும் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். வயதும் ஒரு காரணம் என்று மனைவி சொல்கிறாள்.

4 ஜூன், மாலை

பெயரிலும் தவறு. பள்ளியில் ஜூலு படிக்கும் என் பேத்தி, நான் எழுதியதை வாய்விட்டுப் படிக்கக் கேட்டுவிட்டு, ‘தாத்தா, அது சிஃபோ இல்லை, சீப்போ, ப-வை மூச்சோடு சொல்லவேண்டும்’ என்று திருத்தினாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது, ஜூலு நன்றாக வரும். அந்தச் சொல்லுக்கு ‘கொடை’ என்று பொருளாம். பெயர் வைத்த தாய் என்ன நினைத்து வைத்திருப்பாள் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பேத்தியோ, தன் வகுப்பிலேயே மூன்று சீப்போக்கள் இருப்பதாகவும் மூவரும் நல்ல பையன்கள் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

5 ஜூன்

அறுவடைக்காகத் தோட்டத்துக்குத் தீ வைத்ததால்தான் அவனால் இவ்வளவு நாள் தப்ப முடிந்தது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். தீ தடயங்களை அழித்துவிடும் என்று அவன் நம்பியிருந்தான் என்பது வழக்கைப் பற்றி எழுதியவர்கள் சொல்வது. ஆனால் கரும்பு எரிவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள் அந்தத் தீயைத் தவறாகக் கற்பனை செய்கிறார்கள். வடக்குக் கடற்கரையில் ஓர் ஆலையின் எடைமேடையில் பத்தொன்பது ஆண்டுகள் சீட்டு எழுதியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முதல் நாள், காற்று அடங்கிய விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ தீ வைப்பார்கள். முதலில் காற்று போகும் பக்கத்து ஓரத்தை எரித்துக் கரிக்கோடு போட்டுக்கொண்டு, பிறகு எதிர்ப்பக்கம் கொளுத்துவார்கள். சோகை பற்றும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுவதுபோல் சத்தம் வரும். ஆளுயரம் மூன்று மடங்கு எழும் தீ, சில நிமிடங்களில் வயலைத் தாண்டிப் போய்விடும். தண்டில் சாறு இருப்பதால் தண்டு எரியாது. காய்ந்த சோகையும் தோகையும் மட்டும் போகும். மேலே பருந்துகள் வட்டமிட்டு, ஓடிவரும் எலிகளைக் கொத்திக்கொண்டு போகும். அன்று எங்கள் தெருவில் துணி காயப்போட்டால் கரித்துகள் படியும். அதைக் கையால் துடைத்தால் கறுப்புக் கோடு இழுத்துவிடும்; கொடியைச் சுண்டி உதறத்தான் வேண்டும். இதை என் அம்மா மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்றே சொல்லலாம்.

சொல்ல வருவது இதுதான். ஒரு வயல் பன்னிரண்டு மாதத்திலிருந்து இருபத்துநான்கு மாதம் வரை வளர்கிறது. பயிர் மூடிக்கொண்ட பிறகு உள்ளே நடப்பதற்கு யாருக்கும் வேலை இல்லை. மூன்று வரிசை தாண்டினால் வெளியே நிற்பவனுக்கு உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். மறைத்தது அந்தப் பசுமை. தீயோ மறைப்பைப் பிடுங்கியது. எரிந்த மறுநாள் வெட்டுக்காரர்கள் வரிசை வரிசையாக நுழைவார்கள். ஒரு சாண் நிலம்கூடக் கண்ணில் படாமல் போகாது. உடல் மேல் இருந்த துணியையும் முடியையும் தீ அழித்திருக்கலாம். ஆனால் ‘இங்கே ஒருத்தி கிடக்கிறாள்’ என்பதைத் தீயால் அழிக்க முடியாது.

5 ஜூன், பின்னிரவு

மேலே எழுதியதில் எடைமேடைப் பெருமை கொஞ்சம் கூடிவிட்டது. துணியும் முடியும்தானே தடயம்? அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கக் கூடாது. டி.என்.ஏ. எஞ்சியிருந்த உடல்கள் இருந்ததால்தான் வழக்கே நின்றது.

8 ஜூன்

தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று எழுதிய செட்ஸ்வொர்த்துத் தம்பிக்கு: போட்டிருக்க முடியாது. இந்த நாட்டில் கடைசித் தூக்கு 1989 நவம்பரில். 1990 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள். 1995 ஜூன் 6 அன்று மக்வான்யானே வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. த்வாலாவின் முதல் கொலை அதற்குப் பிறகு. நீங்கள் விரும்பும் கயிறு அவன் தொடங்கும்போதே இல்லை.

506 ஆண்டு என்பது கேலிக்கூத்து என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீர்ப்பு வந்த 1999-இலிருந்து 506 ஆண்டு பின்னால் போனால் 1493. வாஸ்கோ ட காமா 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கரையைக் கப்பலில் கடந்து ‘நட்டால்’ என்று பெயர் வைப்பதற்கும் நான்கு ஆண்டு முன்பு. முன்னால் போனால் 2505. எண்ணிக்கைக்கு ஒரு வேலைதான்: ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகத் தண்டனை சொல்லிக் கூட்டியிருக்கிறார்கள். எல்லாரையும் ஒரு மூட்டையாகக் கட்டி ‘ஆயுள்’ என்று எழுதுவதைவிட இது பரவாயில்லை என்பது என் எண்ணம். டாக்கிக்குப் பதின்மூன்று ஆயுள் வந்ததற்குச் சட்டம் மாறியது ஒரு காரணம். 1997-ஆம் ஆண்டின் 105-ஆம் எண் சட்டம், திட்டமிட்ட கொலை போன்ற சில குற்றங்களுக்கு, அதிலிருந்து விலகத் தக்க வலுவான காரணம் இல்லையென்றால் ஆயுளையே குறைந்தபட்சத் தண்டனையாக வைத்துவிட்டது.

9 ஜூன்

மூலக் கேள்விக்குத் திரும்புகிறேன். ‘உள்ளே தள்ளியிருந்தால்’ என்ற வாதத்துக்கு எதிர்ச்சாட்சி ஒன்று உண்டு: மோசஸ் சித்தோலே என்ற இன்னொரு தொடர் கொலைகாரன். அவனை 1989-இல் வன்புணர்வு வழக்கில் நீதிமன்றம் விடுவிக்கவில்லை, தண்டித்தது. 1993-இல் நன்னடத்தை என்று வெளியே விட்டார்கள். அதன்பின் அட்டரிட்ஜ்வில், பாக்ஸ்பர்க், கிளீவ்லண்ட் பகுதிகளில் 38 கொலைகள். 1995 அக்டோபரில் பிடிபட்டு, 1997 டிசம்பரில் 2,410 ஆண்டுத் தண்டனை பெற்றான். அவனும் வேலை தருவதாகச் சொல்லித்தான் அழைத்தான்; அதற்காக இல்லாத ஒரு தொண்டு நிறுவனத்தையே கற்பனை செய்து வைத்திருந்தான்.

மூவரும் விரித்த வலை ஒன்றே. கத்தியோ காரோ தேவைப்படவில்லை. நிறவெறி ஆட்சியில் போக்குவரத்துக்கும் குடியிருப்புக்கும் இருந்த தடைகள் நீங்கிய பின், கிராமத்திலிருந்து பெண்கள் நகரத்துக்கு வேலை தேடி வந்தார்கள். வேலை என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக ஏறிய நம்முடைய 342 பேரும் இதே சொல்லைக் கேட்டுத்தான் இந்தக் கரும்புக்குள் வந்தார்கள். ஆசைகாட்டி அழைத்துப் போகும் பாதை கரும்புக்குள்ளேயே முடிவது நட்டாலின் பழைய வழக்கம்.

11 ஜூன்

மேலே உள்ள கடைசி இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெறுகிறேன். எழுதும்போது அழகாக இருந்தது. மறுபடி படித்தபோது கூசியது. நம்முடைய கொள்ளுத்தாத்தாக்கள் சர்தார் என்ற கங்காணியிடம் சவுக்கடி வாங்கினார்கள், பாரக் என்ற கூலிக் குடியிருப்பில் கிடந்தார்கள், ஆனால் பெரும்பாலோர் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தப் பதினாறு பேரின் துயரத்தை நம் குடும்பக் கதைக்கு உவமையாக்க எனக்கு உரிமை இல்லை. ஒரு நண்பர் இதைப் படித்துவிட்டு ‘அருமை’ என்று எழுதியிருந்தார். அதையும் அவர் திரும்பப் பெறலாம்.

15 ஜூன்

1997-இல் ஃபீனிக்ஸில் இருந்தவர்கள் எப்படிப் பயந்தோம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பயந்தோம். மகள்களைக் கடைக்குத் தனியே அனுப்பவில்லை. இருட்டிய பிறகு பின்வாசல் கதவைத் தாழிட்டோம். கோயிலுக்குப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கூட்டமாக வந்தார்கள். ஆனால் அவன் தேடியது எங்கள் மகள்களை இல்லை என்பது செய்தித்தாளில் ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தது. நாங்கள் படித்தும் படிக்காததுபோல் இருந்தோம்.

எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமைதோறும் துணி துவைக்க ஒரு ஜூலுப் பெண் வருவாள். காலை ஆறரைக்குக் கரும்பு ஓரத்துப் பாதையில் இறங்கி வருவது எங்கள் சமையலறைச் சன்னலில் தெரியும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேறு தாண்டியதும் போட்டுக்கொள்வாள். அந்த ஆண்டு ஒரு வியாழன் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. வேறு இடத்தில் கூடுதல் கூலி கிடைத்திருக்கும் என்று சாப்பிடும்போது பேசிக்கொண்டோம். மூன்றாவது வியாழன் வந்தாள். ஊரில் சாவு, போயிருந்தேன் என்றாள். மனைவி தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் திரும்பி வராமல் போயிருந்தால் நான் காவல் நிலையத்தில் என்ன சொல்லியிருப்பேன்? நாங்கள் அவளை அழைத்த பெயர் அவளுடைய பெயர் இல்லை; முன்பு வேலை செய்த வெள்ளைக்கார வீட்டில் வைத்த ஆங்கிலப் பெயர். குடும்பப் பெயர் எங்களுக்குத் தெரியாது. எந்த ஊர் என்று தெரியாது. இரண்டு வாரம் நான் அசையவே இல்லை என்பதும் உண்மை. அந்தப் பதினாறு பேரில் எத்தனை பேர் யாரோ ஒருவர் வீட்டில் வியாழக்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ எதிர்பார்க்கப்பட்டிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

16 ஜூன்

திருத்தம். மேலே ‘எங்களுக்கு’ என்று எழுதியது பொய். மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரும் குடும்பப் பெயரும் தெரியுமாம். பக்கத்து இனாண்டாவில் எந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் வீடு என்பதும் தெரியுமாம். இரண்டாவது வாரமே ரொட்டி விற்க வரும் பையனிடம் விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ‘உங்களிடம் சொன்னேனே, நீங்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்’ என்கிறாள். எனக்குத் தெரியாது என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

அந்தப் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். எழுதவில்லை.

22 ஜூன்

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, ‘நீதிமன்றத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்’ என்கிறார். இல்லை. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படாவிட்டால் விடுவிக்கத்தான் வேண்டும் என்பது ஒரு பக்கம். அது உங்களையும் என்னையும் காப்பாற்றும் விதி. என்னை உறுத்துவது வேறு பக்கம்.

2013-ஆம் ஆண்டின் 37-ஆம் எண் சட்டத்தின் மூலம் நாட்டுக்கென ஒரு டி.என்.ஏ. தரவகம் அமைந்தது, 2015 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. கைதானவரின் மாதிரியை எடுக்கலாம். ஆனால் அவர் விடுதலையானால் குறித்த காலத்துக்குள் அவருடைய விவரத்தைத் தரவகத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபோது, குற்றமற்றவர் என்று தீர்ப்பானவரின் இரத்தத்தை அரசு அலமாரியில் வைத்திருப்பது எந்த நியாயம் என்று திருப்பிக் கேட்டார். சரியான கேள்வி. அதே விதி 1994-இல் இருந்திருந்தால் 1997-இல் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. பதினேழாவது பெண்ணும் பதினெட்டாவது பெண்ணும் இருந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்கு மூன்று வாரமாகத் தெரியவில்லை.

23 ஜூன்

இரவு தூக்கம் வராமல் மறுபடி யோசித்ததில் ஒன்று விளங்கியது. இந்த இழையில் நாம் எல்லாரும் நீதிபதியைப் பற்றியும் தீயைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் எழுதிவிட்டோம். 1994-இல் புகார் கொடுத்தவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, நான் உட்பட. முதல் நாள் ‘அந்தக் கோப்புக்கு நன்றி’ என்று எழுதினேனே, கோப்பு தானாகவா வந்தது? அன்றைய நாட்டில் வன்புணர்வுக்கு ஆளான ஒருத்தி காவல் நிலையத்துக்கு நடந்து போய், சொல்ல முடியாததைச் சொல்லி, நீதிமன்றத்தில் அவன் முன்னால் நின்றாள். கடைசியில் அவன் விடுதலையாகி வெளியே நடந்து போவதை அவள் பார்த்திருப்பாள். உன் புகாரால் என்ன ஆயிற்று என்று அக்கம்பக்கத்தார் கேட்டிருப்பார்கள்.

மூன்று ஆண்டு கழித்து அவனைப் பிடித்துக் கொடுத்தது அந்தப் புகார். அவள் அன்று வாய்மூடி வீட்டிலேயே இருந்திருந்தால் மாதிரியும் இல்லை, ஒப்பீடும் இல்லை. இந்த வழக்கில் துப்புத் துலக்கியவர் யார் என்று கேட்டால் நான் அவளைத்தான் சொல்வேன். நீதிமன்றத்தைப் பற்றிய உங்கள் கோபத்தில் பாதியை இப்போது ஏற்கிறேன், ஆனால் உங்கள் காரணத்துக்காக அல்ல: அன்று அவளைத் தோற்றவளாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு யாரும் அவளிடம் போய் ‘நீதான்’ என்று சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.

24 ஜூன்

‘அப்படியானால் முதல் குற்றவாளி யார்?’ என்று ஒற்றை வரியில் கேட்டிருக்கிறீர்கள். த்வாலா.

2 ஜூலை

பாதை இன்னும் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: நேற்று மகனோடு காரில் போய்ப் பார்த்தேன். எங்கள் பழைய சன்னலுக்கு எதிரே கரும்பு கொஞ்சம் இருக்கிறது, வெட்டிய அடியில் மீண்டும் தழைத்த மறுதாம்பு, இடுப்பளவு. அதற்கு அப்பால் கார்னூபியா. முன்பு கரும்பு நின்ற மேட்டில் வரிசை வீடுகள், கிடங்குகள், பெரிய கடைவளாகம். நடைபாதை பாதி தூரம் போய் ஒரு கம்பிவேலியில் நிற்கிறது. காலை ஏழு மணிக்கு வேலியின் ஓட்டை வழியாக மூன்று பெண்கள் கடைவளாகத்துச் சீருடையில் குனிந்து வந்தார்கள். ஒருத்தி மற்ற இருவரும் வரும்வரை வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூவரும் சேர்ந்துதான் நடந்தார்கள்.